இரவல் போன கதாநாயகன்: ஹாலிவுட்டின் ஸ்டூடியோ ஒப்பந்தம் என்றால் என்ன?

1939-ஆம் வருஷம் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்து ஐந்து படங்கள் வந்தன. அவருக்குச் சம்பளம் கொடுத்தது எம்.ஜி.எம். என்ற ஒரே கம்பெனி. ஆனால் அந்த ஐந்தில் எம்.ஜி.எம். எடுத்தவை இரண்டுதான். மற்ற மூன்றும் வேறு மூன்று கம்பெனிகளுடையவை. பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டால் கொடுத்து அனுப்புவோமே, அப்படித்தான் எம்.ஜி.எம். தன் நடிகரைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து அனுப்பியது. என்ன வித்தியாசம் என்றால், ஏணிக்கு நாம் வாடகை வாங்குவதில்லை.

பழைய ஹாலிவுட் நடிகர்களைப் பற்றிப் படிக்கும்போது "கம்பெனி அவரை வேறு கம்பெனிக்குக் கொடுத்தது", "கம்பெனி அவரைச் சம்பளமில்லாமல் நிறுத்தி வைத்தது" என்றெல்லாம் வரும். புதிதாகப் படிப்பவருக்கு இது குழப்பமாக இருக்கும். அவ்வளவு பெரிய நட்சத்திரத்தை யார் யாருக்குக் கொடுப்பது? இதற்குப் பதில் ஸ்டூடியோ ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. அதைத் தனியாக விளக்குவதைவிட ஒருவருடைய வாழ்க்கையோடு சேர்த்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். ஸ்டூவர்ட் அதற்கு ரொம்பப் பொருத்தமானவர். அந்த முறைக்குள் வளர்ந்து, அதிலிருந்து வெளியே வந்து, கடைசியில் அதை உடைத்தவர்களில் அவரும் ஒருவர்.

முதலில் ஸ்டூடியோ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நாம் ஸ்டூடியோ என்றால் படம் பிடிக்கும் இடம் என்று நினைக்கிறோம். 1930-களின் ஹாலிவுட்டில் அது அதைவிடப் பெரிய சங்கதி. நெல் விளையும் வயல், அரைக்கும் ஆலை, அரிசி விற்கும் கடை மூன்றும் ஒரே முதலாளியிடம் இருந்தால் எப்படியோ, அப்படி. படம் எடுப்பது, ஊர் ஊராக அனுப்புவது, தியேட்டரில் ஓட்டுவது எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. எம்.ஜி.எம்., பாரமவுண்ட், வார்னர், ஃபாக்ஸ், ஆர்.கே.ஓ. ஆகிய ஐந்தும் இந்த வகை. யுனிவர்சல், கொலம்பியா, யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் மூன்றும் அடுத்த தட்டு. இவற்றுக்குச் சொந்தத் தியேட்டர் வலை கிடையாது. எம்.ஜி.எம்.முக்குத் தாய்க் கம்பெனியே லோவ்ஸ் என்ற தியேட்டர் கம்பெனிதான்.

தியேட்டர் சொந்தமாக இருந்தால் அதைக் காலியாகப் போட முடியாது. ஏறக்குறைய வாரம் ஒரு புதுப்படம் வேண்டும். அந்த வேகத்தில் படம் எடுக்க வேண்டுமானால், ஒவ்வொரு படத்துக்கும் நடிகரைத் தேடி, பேரம் பேசி, தேதி வாங்கிக்கொண்டிருக்க நேரமில்லை. தச்சர், தையற்காரர், பாட்டு எழுதுபவர், கதாநாயகன் என்று எல்லோரும் மாதச் சம்பளக்காரர் மாதிரி வளாகத்துக்குள்ளேயே தயாராக இருக்க வேண்டும். வானத்தில் இருப்பதைவிட எங்களிடம் அதிக நட்சத்திரங்கள் என்று எம்.ஜி.எம். விளம்பரம் செய்துகொண்டது. அத்தனை நட்சத்திரங்களும் வாரச் சம்பளக்காரர்கள் என்பதை அது விளம்பரத்தில் போடவில்லை.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கும்? பெரும்பாலும் ஏழு வருஷம். கேட்கும்போது ஏழு வருஷ வேலை உத்தரவாதம் போலத் தோன்றும். அங்கேதான் சூட்சுமம். ஆறு மாதத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ ஒரு தடவை, இவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை கம்பெனிக்கு உண்டு, நடிகருக்குக் கிடையாது. பிடிக்கவில்லை என்றால் கம்பெனி அவரை வெளியே அனுப்பலாம். நடிகர் திடீரென்று புகழ் பெற்றுவிட்டால், எழுதிய சம்பளத்துக்கே மிச்ச வருஷங்களையும் உழைத்துத் தீர வேண்டும். கதவு ஒரு பக்கம் மட்டுமே திறக்கும்.

கொடுத்த வேடத்தை நடிகர் மறுத்தால் சம்பளம் நிற்கும். அது மட்டுமில்லை, அவர் சும்மா இருந்த வாரங்களை ஒப்பந்தத்தின் வாலில் கொண்டுபோய் ஒட்டிவிடுவார்கள். அதனால் ஏழு வருஷம் எட்டாகலாம், ஒன்பதாகலாம். அப்புறம், முதலில் சொன்ன இரவல். இன்னொரு கம்பெனி கேட்டால் நடிகரை அனுப்பலாம். அங்கிருந்து வாங்கும் தொகை பொதுவாக நடிகரின் வாரச் சம்பளத்தைவிடக் கூடுதலாக இருக்கும். மிச்சம் கம்பெனியின் லாபம்.

சரி, இதில் ஸ்டூவர்ட் எப்படி வந்து மாட்டினார்? மாட்டினார் என்று சொல்வதுகூட நியாயமில்லை. அவர் சந்தோஷமாகத்தான் வந்தார். 1908-இல் பென்சில்வேனியா மாநிலத்தில் இண்டியானா என்ற சிறு ஊரில் பிறந்தவர். அப்பா ஹார்டுவேர் கடைக்காரர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படித்து 1932-இல் பட்டம் வாங்கினார். அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். யார் கட்டடம் கட்டப்போகிறார்கள்? நண்பர்களோடு நாடகத்துக்குப் போனார். அந்தக் குழுவில் இருந்தவர்கள் ஹென்றி ஃபோண்டா, மார்கரெட் சல்லவன். நியூயார்க்கில் நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்தவரை 1935-இல் எம்.ஜி.எம். எடுத்துக்கொண்டது. சம்பளம் வாரம் 350 டாலர் என்பார்கள். வேலையில்லாதவர்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற நாட்களில் அது மிகப் பெரிய தொகை.

எம்.ஜி.எம்.முக்கு இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆறடி மூன்றங்குல உயரம், கொக்கு மாதிரி உடம்பு, இழுத்து இழுத்துத் தயங்கிப் பேசும் பேச்சு. கிளார்க் கேபிள் காதலனாகக் கோலோச்சிய கம்பெனியில் இவரை எந்த இடத்தில் வைப்பது? உடம்பில் சதை போடப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 'தி குட் எர்த்' படத்துக்காகச் சீன விவசாயி வேஷம் போட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். அது கைகூடவில்லை, நல்லவேளை. 1936-இல் மட்டும் எட்டுப் படங்கள் வந்தன. ஒன்றில் தலைமறைவான தம்பி, இன்னொன்றில் செயலாளரின் காதலன், மற்றொன்றில் பாட்டுப் பாடும் கடற்படை வீரன். பாடவும் வைத்தார்கள்! அவருக்குச் சுமாரான குரல். ஆனாலும் அந்தப் பாட்டில் ஒரு கூச்சம் இருக்கிறது, அது எனக்குப் பிடிக்கும்.

இந்த முறையைத் திட்டுவது சுலபம். ஆனால் ஒரு வருஷத்தில் எட்டுப் படங்கள் என்பது எந்த நடிப்புப் பள்ளியிலும் கிடைக்காத பயிற்சி. கேமரா எங்கே இருக்கிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது, எவ்வளவு கண் அசைத்தால் போதும் என்பதெல்லாம் கை பழகும் வேலை. சம்பளம் கொடுத்துத் தப்புச் செய்யவிட்டார்கள். ஸ்டூவர்ட்டே பிற்காலத்தில் அந்த முறையைப் பற்றிக் கசப்பாகப் பேசியவர் இல்லை.

இப்போது இரவலுக்கு வருவோம். எம்.ஜி.எம். கண்டுபிடிக்காத ஸ்டூவர்ட்டை மற்றவர்கள் கண்டுபிடித்தார்கள் என்பது என் கட்சி. 1936-இலேயே பழைய தோழி மார்கரெட் சல்லவன் யுனிவர்சலில் தன் படத்துக்கு இவர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக் கேட்டு வாங்கினார். நல்ல வேடம் என்று சொல்லத்தக்கது முதலில் அங்கேதான் கிடைத்தது. பிறகு கொலம்பியாவில் இருந்த இயக்குநர் ஃபிராங்க் காப்ரா கேட்டார். 1938-இல் ஒரு படம், 1939-இல் 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்'.

அந்தப் படத்தில் ஸ்டூவர்ட் ஒரு அப்பாவி இளைஞன். அரசியல்வாதிகள் தலையாட்டி பொம்மையாக இருப்பான் என்று நம்பி அவனைச் செனட்டுக்கு அனுப்புகிறார்கள். அவன் ஊழலைக் கண்டுபிடித்து, சபையில் உட்காராமல் மணிக்கணக்காகப் பேசுகிறான். பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போக வேண்டும். அந்தக் கரகரப்பு நடிப்பில் சரியாக வரவில்லை என்று, மருத்துவரைக் கூப்பிட்டுத் தொண்டையில் பாதரசக் கலவையைச் சொட்டச் சொல்லி வீங்கவைத்துக்கொண்டார். எம்.ஜி.எம். குறையென்று நினைத்த அத்தனையும், அந்த நெட்டை உருவம், திக்கல், கூச்சம் எல்லாம், இங்கே பலமாகிவிட்டன. ஆஸ்கருக்கு முதல் தடவை பெயர் போனது இந்தப் படத்துக்குத்தான். அதே வருஷம் எம்.ஜி.எம். தன் சொந்தப் படத்தில் அவருக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? ஜோன் கிராஃபோர்டோடு பனிச்சறுக்குப் படம்.

கேபிளுக்கும் இப்படி நடந்திருக்கிறது. 1934-இல் எம்.ஜி.எம். அவரைக் கொலம்பியாவுக்கு இரவல் கொடுத்தது; தண்டனையாகத்தான் அனுப்பினார்கள் என்று ஒரு கதை உண்டு. அங்கே நடித்த படத்துக்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதுவும் காப்ரா படம்தான். ஏழைக் கம்பெனியான கொலம்பியாவால் நட்சத்திரங்களை வளர்த்து வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே யோசித்துக் கேட்டார்கள், வாங்கியதை வீணாக்கவில்லை.

1940-இல் எம்.ஜி.எம்.மும் விழித்துக்கொண்டது. அந்த வருஷம் வந்த 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' ஸ்டூவர்ட்டுக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கரை வாங்கிக் கொடுத்தது. (தன் ஓட்டை ஃபோண்டாவுக்குத்தான் போட்டேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.) விருதைத் தூக்கி அப்பாவுக்கு அனுப்பினார், அது ஊரில் ஹார்டுவேர் கடையின் கண்ணாடி ஜன்னலில் வருஷக்கணக்காக நின்றது.

அந்தப் படத்தை மறுபடி பார்க்க நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே காட்சியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவரில் ஸ்டூவர்ட் வாரச் சம்பளக்காரர். கேரி கிராண்ட் அப்படியில்லை. 1930-களின் நடுவில் பாரமவுண்ட் ஒப்பந்தம் முடிந்ததும் கிராண்ட் எந்த ஒரு கம்பெனியிடமும் முழுசாக அடிமைப்படாமல், படத்துக்குப் படம் பேசி நடித்தார். அந்தக் காலத்தில் அது அபூர்வம். இந்தப் படத்துக்கு வாங்கிய சம்பளம் முழுவதையும் பிரிட்டிஷ் போர் நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார். அப்படிக் கொடுப்பதற்கும் மொத்தமாக ஒரு தொகை கையில் வர வேண்டும் அல்லவா? ஆஸ்கர் சம்பளக்காரருக்குப் போனது, பெயர்ப் பலகையில் முதலிடம் சுதந்திரக்காரருக்குப் போனது.

பிறகு யுத்தம். ஸ்டூவர்ட் ராணுவத்துக்குப் போக முயன்றார். எடை போதவில்லை என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். தின்று தேற்றிக்கொண்டு 1941 மார்ச்சில் சேர்ந்தார். அமெரிக்காவை யுத்தத்துக்குள் இழுத்த பெர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு இன்னும் எட்டு மாதத்துக்கு மேல் இருந்தது. விளம்பரத்துக்காகச் சீருடை போட்டவர் இல்லை. ஏற்கெனவே விமானம் ஓட்டத் தெரிந்தவர். இங்கிலாந்திலிருந்து பி-24 குண்டுவீச்சு விமானங்களில் எதிரி இடங்களுக்கு மேல் 20 முறை போர்ப் பயணம் போனார். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து கர்னலாகத் திரும்பினார்.

அவர் இல்லாத அந்த நாட்களில் கலிஃபோர்னியாவில் ஒரு வழக்கு நடந்தது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். ஆலிவியா டி ஹாவிலண்ட் என்ற நடிகை வார்னரில் ஏழு வருஷ ஒப்பந்தத்தில் இருந்தார். கொடுத்த வேடங்களில் சிலவற்றை மறுத்தார். கம்பெனி வழக்கம்போல் சம்பளத்தை நிறுத்தியது. 1943-இல் ஏழு வருஷம் முடிந்து கிளம்பப் பார்த்தபோது, நீ சும்மா இருந்த ஆறு மாதம் பாக்கி இருக்கிறது என்றார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார்.

கலிஃபோர்னியாவில் தொழிலாளர் சட்டம் ஒன்று இருந்தது: யாரையும் ஏழு வருஷத்துக்கு மேல் சேவை ஒப்பந்தத்தில் கட்டிவைக்க முடியாது. கம்பெனிகள் என்ன சொல்லின என்றால், ஏழு வருஷம் என்பது வேலை செய்த ஏழு வருஷம். இல்லை, காலண்டரில் ஓடும் ஏழு வருஷம்தான் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம், 1944 டிசம்பரில். வழக்கு நடந்த காலமெல்லாம் அவருக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காதபடி வார்னர் பார்த்துக்கொண்டது. கேமராவுக்கு முன்னால் மெல்லப் பேசும் சாதுவான பெண்ணாகவே நடித்துப் பெயர் வாங்கியவர் அவர். வெளியே வந்த பிறகு இரண்டு ஆஸ்கர் வாங்கினார்.

ஸ்டூவர்ட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சும்மா இருந்த வாரங்களைக் கூட்டலாம் என்றால், யுத்தத்துக்குப் போன வருஷங்களையும் கூட்டலாம். குண்டுமழைக்கு நடுவில் பறந்துவிட்டு வந்தவரிடம், உன் ஒப்பந்தத்தில் பாக்கி இருக்கிறது என்று கணக்கு நோட்டை நீட்டியிருக்கலாம். தீர்ப்பு அந்த வழியை அடைத்துவிட்டது. ராணுவத்திலிருந்து திரும்பிய நடிகர்கள் பலருக்கு அது பெரிய உதவி. 1945-இல் ஊர் திரும்பிய ஸ்டூவர்ட் எம்.ஜி.எம்.மோடு மறுபடி கையெழுத்துப் போடவில்லை.

சுதந்திரம் வந்தவுடன் எல்லாம் நன்றாக நடந்ததா? இல்லை. முதல் படம் மறுபடியும் காப்ராவோடு, 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. காப்ராவும் வேறு சிலரும் சேர்ந்து ஆரம்பித்த சொந்தக் கம்பெனி எடுத்த படம். 1946 டிசம்பரில் வந்தது. போட்ட பணத்தை எடுக்கவில்லை. கம்பெனியே அடுத்த வருஷம் பாரமவுண்டுக்கு விற்கப்பட்டது. இன்று அது கிறிஸ்துமஸ் வந்தால் அமெரிக்க வீடுகளில் ஓடும் படமாக இருப்பதற்குக் காரணமும் ஒரு அலுவலகப் பிழைதான்: 1974-இல் காப்புரிமையைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். டிவிக்காரர்கள் காசு கொடுக்காமல் ஒவ்வொரு வருஷமும் போட்டுத் தள்ளினார்கள். ஆனால் 1947-இல் ஸ்டூவர்ட்டுக்கு அது தெரியாது. அடுத்த படமும் ஓடவில்லை. சம்பளம் கொடுக்கக் கம்பெனியும் இல்லை, தொடர்ந்து வேடம் தர ஆளும் இல்லை. சுதந்திர நடிகருக்கு இரண்டு படம் தோற்றால் மூன்றாவதற்குக் கூப்பிட ஆள் இருக்காது. கம்பெனி நடிகருக்கு அந்தப் பயம் அவ்வளவு கிடையாது.

1948 மே மாதம் கம்பெனிகளுக்கும் அடி விழுந்தது. படம் எடுப்பவரே தியேட்டரையும் வைத்துக்கொள்வது போட்டியை நசுக்குகிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கேபிள் படம் வேண்டுமானால் கூடவே இந்த நாலு சுமார் படங்களையும் வாங்கு என்று கட்டிவிற்கும் பழக்கத்துக்கும் தடை. தியேட்டர்களை விற்க வேண்டியதாயிற்று. டிவியும் வந்து கூட்டத்தைப் பிரித்தது. வாரம் ஒரு படம் தேவையில்லை என்றால் நூறு நடிகர்களுக்கு வாரச் சம்பளம் எதற்கு? ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகின.

இந்த நேரத்தில்தான் ஸ்டூவர்ட்டின் ஏஜெண்ட் லூ வாஸர்மன் ஒரு பேரம் பேசினார். யுனிவர்சல் 'வின்செஸ்டர் 73' என்ற குதிரைவீரர் படம் எடுக்க நினைத்தது. ஸ்டூவர்ட் கேட்ட 2 லட்சம் டாலர் அவர்களிடம் இல்லை. சரி, சம்பளம் வேண்டாம், லாபத்தில் பங்கு கொடுங்கள் என்றார் வாஸர்மன். லாபத்தில் சரிபாதி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1950-இல் படம் வந்தது, நன்றாக ஓடியது. கேட்ட சம்பளத்தைவிடப் பல மடங்கு வந்து சேர்ந்தது.

வரி விஷயம் ஒன்றும் இதில் உண்டு. அன்றைய அமெரிக்காவில் மிகப் பெரிய வருமானத்தின் மேல்பகுதிக்கு 80 சதவீதத்துக்கும் மேல் வரி. ஒரே வருஷத்தில் பெருந்தொகை வாங்கினால் பெரும்பகுதி அரசாங்கத்துக்கே போய்விடும். லாபப் பங்கு படம் ஓட ஓட, பல வருஷங்களில் பிரிந்து வரும். அதனால் கையில் நிற்பது அதிகம்.

லாபத்தில் பங்கு வாங்கிய முதல் நடிகர் இவர்தான் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அது சரியில்லை. மௌனப் படக் காலத்திலேயே சாப்ளினும் மேரி பிக்ஃபோர்டும் 1919-இல் கூட்டாகக் கம்பெனி தொடங்கியே லாபம் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் முதலாளிகளாகிப் பங்கு எடுத்தவர்கள். ஸ்டூவர்ட் முதலாளி இல்லை; நடிக்க வந்தவர். நடிக்க வந்தவருக்கும் பங்கு உண்டு என்பது அதற்குப் பிறகு மற்ற நடிகர்களும் வரிசையாகக் கேட்கும் விஷயமாகிவிட்டது. இன்று பெரிய நடிகர்கள் லாபப் பங்கு பேசுவதற்கு வழிகாட்டி இந்தப் பேரம்தான்.

பணத்தைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது அவர் தேர்ந்தெடுத்த வேடங்கள். சம்பளக்காரராக இருந்தவரை வெள்ளந்தி இளைஞன். தானே தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்ததும் அந்த முகத்தை அவரே கெடுத்துக்கொண்டார். 'வின்செஸ்டர் 73' இயக்குநர் ஆந்தனி மானோடு 1955-க்குள் எட்டுப் படங்கள். அவற்றில் சிலவற்றில் வரும் குதிரைவீரன் பழி வெறி பிடித்தவன். கோபத்தில் கண் சிவக்க, குரல் உடைந்து கத்துகிறான். திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக்கோடு நாலு படங்கள். 'ரியர் விண்டோ'வில் கால் உடைந்து உட்கார்ந்தபடி அடுத்த வீட்டு ஜன்னல்களை எட்டிப் பார்ப்பவர். 1958-இல் வந்த 'வெர்டிகோ'வில் செத்துப்போன காதலியின் சாயலில் இன்னொரு பெண்ணை உடுத்தி, முடி வாரி, உருமாற்றத் துடிக்கும் மனிதர். எந்தக் கம்பெனியாவது தன் செல்ல இளைஞனை இப்படிக் காட்ட விட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

'ரியர் விண்டோ'வில் அவர் நடிகர் மட்டுமில்லை. ஹிட்ச்காக்கும் அவரும் சேர்ந்து வைத்திருந்த கம்பெனிக்குத்தான் படம் சொந்தம். அந்தச் சொந்தம் பல வருஷம் கழித்து ஒரு தலைவலியைக் கொண்டுவந்தது. படம் கார்னெல் வூல்ரிச் எழுதிய சிறுகதையிலிருந்து எடுத்தது. அன்றைய சட்டப்படி கதையின் காப்புரிமையை 28 வருஷத்துக்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்ததும் உங்களுக்கே தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்த எழுத்தாளர் அதற்கு முன்பே 1968-இல் இறந்துவிட்டார். புதுப்பித்த உரிமையை ஷெல்டன் அபெண்ட் என்பவர் 650 டாலரும் வருமானத்தில் ஒரு பங்கும் கொடுத்து வாங்கினார். 1980-களில் படம் மறுபடி தியேட்டருக்கு வந்து நன்றாகச் சம்பாதித்தபோது, கதை என்னுடையது, எனக்குப் பங்கு எங்கே என்று வழக்குப் போட்டார்.

1990-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அபெண்டின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு காலத்தில் கம்பெனி சொன்ன இடத்துக்கெல்லாம் இரவல் போன நடிகரின் பெயர் அந்த வழக்கில் முதலாளிகள் நிற்கும் பக்கத்தில் இருக்கிறது. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் அதை 'ஸ்டூவர்ட் எதிர் அபெண்ட்' என்ற பெயரில்தான் படிக்கிறார்கள்.